மண் நிறத்துக்குத் தடை: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் துப்பறியும் தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றி எழுதியபோது, அமெரிக்காவின் என்.பி.சி. நிறுவனம் 1984 முதல் 1989 வரை ஒளிபரப்பிய 'மயாமி வைஸ்' தொடரை ஒரே பத்தியில் குறிப்பிட்டிருந்தோம். சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் அத்தொடரைக் குறித்தே கடிதங்கள் வந்திருப்பதால், இவ்விதழில் இப்பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறோம். பார்த்திராதவர்களுக்கு ஒரு குறிப்பு: மயாமி வட்டாரக் காவல்துறையில் பெரும்பணக்காரக் கடத்தல்காரர்களாக வேடமிட்டுப் போதைப்பொருள் கும்பல்களுக்குள் நுழையும் சோனி கிராக்கெட், ரிக்கார்டோ டப்ஸ் என்ற இரு துப்பறிவாளர்களின் கதை அது. கிராக்கெட்டாக டான் ஜான்சனும் டப்ஸாக பிலிப் மைக்கேல் தாமஸும் நடித்தார்கள்.

கேள்வி: நான் சாயப்பட்டறை நடத்துகிறவன். வளைகுடாவில் வேலை பார்த்த என் அண்ணன் அந்நாளில் கொண்டுவந்த வீடியோ கேசட்டில் இத்தொடரைப் பார்த்தேன். வசனம் பாதிதான் புரிந்தது. ஆனால் அதன் நிறங்கள் இன்றும் கண்ணில் நிற்கின்றன. ஒரு நகரத்தில் இளஞ்சிவப்பும் வெளிர்பச்சையும் வெளிர்நீலமும் மட்டும் கண்ணில் படும்படி எப்படிப் படமெடுக்க முடிந்தது?
– வாசகர் ஒருவர், அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: எதைக் காட்டுவது என்பதைவிட எதைக் காட்டக்கூடாது என்பதை முதலில் முடிவு செய்ததால்தான் அது முடிந்தது. தொடரின் நிர்வாகத் தயாரிப்பாளரான மைக்கேல் மான், மண் நிறங்கள் எவையும் திரையில் வரக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பழுப்பு, காவி, செங்கல் சிவப்பு ஆகிய நிறங்கள் சுவரிலும் சட்டையிலும் காரிலும் இருக்கக்கூடாது. அதற்கு முன் வந்த அமெரிக்கக் காவல்துறைத் தொடர்களை நினைத்துப் பாருங்கள். புழுதி படிந்த அலுவலகம், பழுப்பு நிறக் கோட்டு, சாம்பல் நிறச் சாலை என்று அந்த மண் நிறங்களிலேயே அவை ஊறிக் கிடந்தன. அவற்றை ஒட்டுமொத்தமாக நீக்கியவுடன், மிச்சமிருந்த வெளிர்நிறங்கள் தாமாகவே எழுந்து நின்றன. ஒரு நூலின் நிறம் அதன் பக்கத்தில் ஓடும் நூலால்தான் எடுபடுகிறது என்பதை உங்கள் தொழிலில் இருப்பவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இதற்காகப் படப்பிடிப்புக் குழுவினர் பட்ட பாடு சிறிதன்று. கட்டடங்களை நிறம் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். ஒத்துவராத சுவர்களுக்குப் புதிதாக வண்ணம் பூசினார்கள். நடிகர் எந்தச் சுவருக்கு முன்னால் நிற்கப் போகிறார் என்பதை வைத்தே அவருடைய மேலாடையின் நிறத்தை முடிவு செய்தார்கள். ஒரு மணி நேரப் பகுதி ஒன்றுக்குச் சுமார் 13 லட்சம் டாலர் வரை செலவானதாக அக்காலப் பத்திரிகைகள் எழுதின. மற்றத் தொடர்களுக்கு ஆனதைவிட இது கணிசமாக அதிகம்.

இங்கே பலரும் சொல்லாமல் விட்டுவிடும் இரு பெயர்களைச் சொல்லியாக வேண்டும். தொடரில் நாம் பார்க்கும் கடற்கரை விடுதிகளில் பெரும்பாலானவை மயாமி பீச்சின் தென்பகுதியில் 1930களை ஒட்டிக் கட்டப்பட்டவை. 'ஆர்ட் டெக்கோ' எனப்படும் கட்டடக்கலைப் பாணியைச் சேர்ந்த அவை, எழுபதுகளில் பாழடைந்து, ஓய்வூதியத்தில் காலம் தள்ளும் முதியவர்கள் குறைந்த வாடகைக்குத் தங்கும் இடங்களாகிவிட்டன. இடித்துவிட்டு அடுக்குமாடிகள் கட்ட வேண்டும் என்ற பேச்சு வலுத்தபோது, பார்பரா கேப்பிட்மன் என்ற பெண்மணி 1976-இல் ஒரு பாதுகாப்பு அமைப்பைத் தொடங்கிப் போராடினார். அதன் பயனாக 1979-இல் அப்பகுதி தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்றது. அவருடன் இணைந்து பணியாற்றிய வடிவமைப்பாளர் லியோனார்ட் ஹோரோவிட்ஸ், பெரும்பாலும் வெள்ளையாக இருந்த அக்கட்டடங்களுக்குக் கடலிலிருந்தும் வானத்திலிருந்தும் எடுத்த வெளிர்நிறங்களை வகுத்துக் கொடுத்தார். அவர் கைபட்ட ஒரு ரொட்டிக்கடையின் முகப்பு, தொடர் வருவதற்கு முன்பே கட்டடக்கலை உலகில் பேசப்பட்டது. ஆக, அந்த நிறங்களை ஊருக்குத் தந்தவர் ஹோரோவிட்ஸ். அவற்றை உலகத்துக்குக் காட்டியவர் மான். தொடர் புகழ்பெற்ற பிறகு அந்தக் கட்டடங்களை இடிக்க வேண்டும் என்ற குரல் வெகுவாக அடங்கியது. ஒரு தொலைக்காட்சித் தொடர் ஓர் ஊருக்குச் செய்த நன்மைகளில் இதை நான் மிகப் பெரியதாகக் கருதுகிறேன்.

கேள்வி: நான் காவல்துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். அரசுச் சம்பளம் வாங்கும் ஒரு துப்பறிவாளர் ஃபெராரி காரில் போவதும், பாய்மரப் படகில் வசிப்பதும் நம்பும்படியாக இல்லையே?
– வாசகர் ஒருவர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: உங்கள் ஐயத்திலிருந்துதான் ஐயா, இந்தத் தொடரே பிறந்தது. இதை உருவாக்கிய அந்தோணி யெர்கோவிச், அதற்கு முன் வேறொரு புகழ்பெற்ற காவல்துறைத் தொடருக்கு எழுதி வந்தவர். போதைப்பொருள் கடத்தல்காரர்களிடமிருந்து பறிமுதல் செய்யப்படும் கார்களையும் படகுகளையும் காவல்துறையே தன் புலனாய்வுக்குப் பயன்படுத்திக்கொள்ள அமெரிக்கச் சட்டம் இடம் கொடுத்தது. அதைப் பற்றிப் படித்தபோதுதான் அவருக்கு இந்தக் கரு தோன்றியது. நம் ஊரில் மதுவிலக்கு வழக்குகளில் பிடிபடும் வண்டிகள் பொது ஏலத்துக்கு வருவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே அவற்றை ஏலம் விடாமல் காவலரே ஓட்டிப் போகலாம் என்றால் அவர் யாராக மாறுவார் என்பதுதான் யெர்கோவிச் எழுப்பிய கேள்வி. பகல் முழுவதும் கடத்தல்காரனாக நடிப்பவன், எந்த இடத்தில் நடிப்பை நிறுத்துகிறான் என்ற துயரம் தொடர் நெடுகிலும் ஓடுவதற்கு இதுவே காரணம். நான்காவது சீசனின் முடிவில், தலையில் அடிபட்டு நினைவு தவறும் கிராக்கெட், தன் மாறுவேடப் பெயரான பர்னெட்டையே உண்மை என்று நம்பிக் கடத்தல் கும்பலோடு சேர்ந்துவிடுவது வரை அந்த இழை நீள்கிறது.

என்.பி.சி.யின் பொழுதுபோக்குப் பிரிவுத் தலைவராக இருந்த பிராண்டன் டார்ட்டிகாஃப், 'எம்.டி.வி. காவலர்கள்' என்று இரண்டே சொற்களை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தார் என்றும், தொடர் அதிலிருந்து பிறந்தது என்றும் ஒரு கதை உலவுகிறது. இசைப்பாடல் ஒளிபரப்பான எம்.டி.வி. அப்போதுதான் அமெரிக்க இளைஞர்களைக் கட்டிப்போட்டிருந்தது என்பதால் கேட்பதற்குச் சுவையாகவே இருக்கிறது. ஆயினும் கருவுக்கு உரியவர் யெர்கோவிச்தான் என்பதே என் முடிவு. துண்டுத்தாளில் தொடரின் மேற்பூச்சு இருக்கிறதே தவிர, அதன் துயரம் இல்லை.

கேள்வி: அந்தத் தொடக்க இசையை என் கைப்பேசியில் வைத்திருக்கிறேன். அதை அமைத்தவர் யார்? படம் முழுவதும் அவரே வாசித்தாரா?
– கர்நாடக இசை பயிலும் வாசகி, சூரமங்கலம், சேலம்

பதில்: அவர் பெயர் யான் ஹாமர். 1948-இல் செக்கோஸ்லோவாக்கியாவின் பிராக் நகரில் பிறந்து, 1968-இல் சோவியத் படைகள் அந்நாட்டுக்குள் புகுந்த காலத்தில் அமெரிக்காவில் குடியேறியவர். எழுபதுகளின் தொடக்கத்தில் ஜான் மெக்லாஃப்லின் நடத்திய 'மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா' குழுவில் கீபோர்டு வாசித்தார். அந்த மெக்லாஃப்லின்தான் சில ஆண்டுகள் கழித்து நம் வயலின் கலைஞர் எல். சங்கர், கடம் விக்கு விநாயக்ராம், தபலா ஜாகிர் உசேன் ஆகியோருடன் 'சக்தி' குழுவை அமைத்தவர். கர்நாடக இசை பயிலும் உங்களுக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் ஹாமரின் இசைக்கு ஒரு வழி இருக்கிறது. அவருடைய கீபோர்டில் ஒரு சுரத்தை வளைத்து அடுத்த சுரத்துக்குக் கொண்டுபோகும் விதத்தைக் கவனித்துக் கேளுங்கள்.

வேலை நடந்த முறை வியப்புக்குரியது. அக்காலத் தொடர்களில் ஒரு சீசனுக்குச் சில இசைத்துண்டுகளைப் பதிவு செய்துகொண்டு அவற்றையே திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது உண்டு. ஹாமருக்கோ ஒவ்வொரு பகுதியின் வீடியோ நாடாவும் நியூயார்க் மாநிலத்தின் கிராமப்புறத்தில் இருந்த அவருடைய வீட்டு ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்து சேரும். அதைப் போட்டுப் பார்த்தபடியே, ஃபேர்லைட் என்ற கணினி இசைக்கருவி உட்படத் தம் கருவிகளைத் தாமே வாசித்து, அந்தப் பகுதிக்கென்றே புதிய இசையை அமைத்து அனுப்பிவிடுவார். மறுவாரம் அடுத்த நாடா வந்து நிற்கும். ஒரு திரைப்படத்துக்கு ஆகும் அளவுக்குச் சில வாரங்களிலேயே இசை சேர்ந்துவிடும். முதல் நான்கு சீசன்களில் பெரும்பகுதி இப்படித்தான் நடந்தது.

1985 நவம்பரில் அத்தொடக்க இசை, பாடல் வரி ஒன்றுகூட இல்லாத நிலையிலும், அமெரிக்காவின் பில்போர்டு தரவரிசையில் முதலிடத்தைப் பிடித்தது. தொடரின் இசைத்தட்டுத் தொகுப்பு மொத்தம் 11 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. ஹாமருக்கு இரண்டு கிராமி விருதுகளும் கிடைத்தன. அன்றைய அமெரிக்க வீடுகளில் ஸ்டீரியோ ஒலியுடன் ஒளிபரப்பான ஆரம்பகாலத் தொடர்களில் இதுவும் ஒன்று.

இனி, பாடல்கள். மலிவாக வேறு பாடகரை வைத்துப் பாடவைக்காமல், புகழ்பெற்ற பாடல்களின் மூலப் பதிவையே உரிமைத்தொகை கொடுத்து வாங்கினார்கள். முதல் பகுதியில் ஃபில் காலின்ஸின் 'இன் தி ஏர் டுநைட்' ஒலிக்கும் காட்சியை உங்களுக்காகச் சற்று விரித்துச் சொல்கிறேன். இரவு. கிராக்கெட்டும் டப்ஸும் ஒரு கொலைகாரனைப் பிடிக்கக் காரில் போகிறார்கள், இருவரும் பேசவில்லை. கேமரா சுழலும் சக்கரத்தின் அருகே தங்குகிறது. காரின் கறுப்பு முகப்பின் மீது தெருவிளக்குகள் ஒவ்வொன்றாக வழுக்கிச் செல்கின்றன. டப்ஸ் துப்பாக்கியில் தோட்டாக்களை நிரப்புகிறான். கிராக்கெட் வழியில் ஒரு தொலைபேசிக் கூண்டருகே காரை நிறுத்தி, பிரிந்துபோன மனைவியை அழைத்து, நாம் வாழ்ந்த வாழ்க்கை உண்மையானதுதானே என்று மட்டும் கேட்கிறான். பதிலைக் கேட்டுவிட்டு மீண்டும் காரில் ஏறுகிறான். பாடலில் அதுவரை அடங்கியிருந்த முரசொலி அதன் பிறகே வெடிக்கிறது. துரத்தலோ சண்டையோ இல்லாத அந்தச் சில நிமிடங்கள், தொலைக்காட்சியில் பாடலைப் பயன்படுத்தும் முறையையே மாற்றின. அப்பகுதியை இயக்கியவர் தாமஸ் கார்ட்டர்.

கேள்வி: அந்தக் கறுப்பு ஃபெராரி அசல் இல்லை என்று என் பட்டறைக்கு வரும் ஒருவர் பந்தயம் கட்டுகிறார். உண்மையா?
– கார் பட்டறை உரிமையாளர், ஐந்து ரோடு, சேலம்

பதில்: பந்தயத்தில் அவருக்கே வெற்றி. முதல் இரண்டு சீசன்களில் வந்த கறுப்பு 'டேடோனா ஸ்பைடர்', செவர்லே கார்வெட் காரின் அடிச்சட்டத்தின் மேல் மெக்பர்னி என்ற அமெரிக்க நிறுவனம் கட்டிய நகல். கதவைத் திறப்பது, சீறிக் கிளம்புவது எல்லாம் கார்வெட். மேலே தெரியும் உடல் மட்டும் ஃபெராரியின் சாயல். தொடரால் அந்த நகலுக்கு விளம்பரம் பெருகவே, ஃபெராரி நிறுவனம் நகல் செய்தவர்கள்மீது வழக்குத் தொடுத்தது. இதன் தொடர்ச்சியாக, 1986-இல் மூன்றாவது சீசனின் முதல் பகுதியில், ஆயுத வியாபாரி ஒருவன் ஏவுகணையின் திறனைக் காட்டுவதற்காக அந்தக் கறுப்புக் காரைக் கிராக்கெட்டின் கண்ணெதிரிலேயே தகர்ப்பதாகக் காட்சி அமைத்தார்கள். ஃபெராரி நிறுவனமோ இரண்டு அசல் டெஸ்டரோசா கார்களைத் தொடருக்குக் கொடுத்தது. வரும்போது அவை கறுப்பாக இருந்தன. இரவுக் காட்சிகளில் எடுப்பாகத் தெரிவதற்காக மைக்கேல் மான் அவற்றுக்கு வெள்ளை வண்ணம் பூசச் செய்தார். முட்டி மோதும் சாகசக் காட்சிகளுக்கு அசலைப் பயன்படுத்த மனம் வராமல், பந்தேரா என்ற இத்தாலியக் காரின் அடிச்சட்டத்தில் மீண்டும் ஒரு நகல் கட்டிக்கொண்டார்கள்.

இரவில் தெரிய வேண்டும் என்ற அதே கணக்கு கிராக்கெட்டின் 'பிரென் டென்' கைத்துப்பாக்கியிலும் உண்டு. அதன் மேற்பகுதிக்குப் பளபளக்கும் குரோம் முலாம் பூசியிருந்தார்கள். 10 மில்லிமீட்டர் தோட்டாவுக்காகத் தயாரான துப்பாக்கி அது, படப்பிடிப்புக்குப் பயன்பட்டவையோ .45 ரகத் தோட்டாவுக்கு மாற்றப்பட்டவை. அதைத் தயாரித்த நிறுவனம் 1986-இல் திவாலாகிவிட்டதால், பிறகு கிராக்கெட்டின் கையில் வேறு துப்பாக்கி வந்தது.

கேள்வி: காலுறை அணியாமல் ஷூ போடும் பழக்கம் இந்தத் தொடரிலிருந்து வந்ததுதானா?
– கல்லூரி மாணவர், தாதகாப்பட்டி, சேலம்

பதில்: பரவியது இதிலிருந்துதான். சட்டைக்குப் பதில் டி-ஷர்ட், அதன் மேல் கையை முழங்கை வரை தள்ளிவிட்ட இத்தாலியப் பாணிக் கோட்டு, தளர்ந்த லினன் கால்சட்டை, ரே-பான் வேஃபாரர் கண்ணாடி, இரண்டு நாள் தாடி என்று அந்தத் தோற்றம் முழுவதையும் இளைஞர்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அந்தத் தாடியை அதே அளவில் வைத்திருக்க உதவும் சிறு மழிப்புக் கருவி ஒன்றுகூடத் தொடரின் பெயரை ஒட்டிய பெயரோடு விற்பனைக்கு வந்தது. அவ்வளவு புழுக்கமான ஊரில் கோட்டு எதற்கு என்று தோன்றலாம். தோளில் தொங்கும் துப்பாக்கி உறையை மறைக்க அது தேவைப்பட்டது.

கேள்வி: எனக்குப் பிடித்தவர் அந்த இருவருமில்லை, கறுப்பு கோட்டு அணிந்து, அதிகம் பேசாமல் தலைகுனிந்தே நிற்கும் மேலதிகாரி காஸ்டியோதான். அப்படி நடிக்கச் சொன்னது இயக்குநரா, அவரே செய்ததா?
– காப்பித் தோட்டத்தில் பணிபுரியும் வாசகி, நாகலூர், ஏற்காடு

பதில்: உங்கள் தேர்வோடு நான் முழுமையாக ஒத்துப்போகிறேன். அந்தப் பாத்திரம் தொடரின் தொடக்கத்தில் இல்லவே இல்லை. முதலில் கிரெகரி சியரா நடித்த ரோட்ரிகஸ் என்பவர்தான் மேலதிகாரி. சில பகுதிகளிலேயே அவர் சுட்டுக் கொல்லப்படுவதாகக் கதை திரும்பியது. அடுத்து அந்த நாற்காலிக்கு வந்தவர்தான் எட்வர்ட் ஜேம்ஸ் ஓல்மோஸ் நடித்த மார்ட்டின் காஸ்டியோ.

ஓல்மோஸ் வந்தவுடனே ஒப்புக்கொள்ளவில்லை. தம் பாத்திரத்தின்மீது தமக்கு உரிமை வேண்டும், பிற படங்களில் நடிக்கத் தடை இருக்கக்கூடாது என்று நிபந்தனைகள் வைத்தார். தொடர் நடிகருக்கு அன்று எளிதில் கிடைக்காத சலுகை அது. எல்லோரும் வெளிர்நிறத்தில் உலவும் திரையில் அவர் மட்டும் கறுப்பு கோட்டும் மெல்லிய கறுப்பு டையும் அணிந்தார். எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்க்காமல் மேசையையோ தரையையோ பார்த்துப் பேசுவார். எப்போதோ ஒருமுறை கண்ணை உயர்த்தினால், எதிரே நிற்பவர் யாராயினும் பேச்சை நிறுத்திக்கொள்வார். தொலைக்காட்சிக்கான எம்மி விருதுகளில் முதல் சீசனுக்குக் கிடைத்த 15 பரிந்துரைகளில் ஒன்று அவருடையது; 1985-இல் சிறந்த துணை நடிகர் விருது அவருக்கு வந்தது. அந்த ஒப்பந்தச் சலுகையால்தான் இடையில் வெளியே சென்று ஒரு கணித ஆசிரியரின் உண்மைக் கதையில் நடிக்கவும், அதற்காக ஆஸ்கர் விருதுப் பரிந்துரை பெறவும் அவரால் முடிந்தது.

கேள்வி: ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைத் தினமும் கடந்து போகிறேன். நம் ஊரிலும் துப்பறியும் படங்கள் எடுத்தார்களே, அந்த வேலைமுறைக்கும் இதற்கும் ஏதாவது ஒற்றுமை உண்டா?
– வாசகர் ஒருவர், கன்னங்குறிச்சி, சேலம்

பதில்: உண்டு. 1930களில் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய அந்த ஸ்டூடியோ நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைத் தயாரித்தது. 1956-இல் தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் அங்கிருந்துதான் வந்தது. சுந்தரத்தின் மறைவுக்குப் பிறகு அவர் மகன் ராமசுந்தரத்தின் காலத்தில், அறுபதுகளில் ஜெய்சங்கரை வைத்து எடுத்த துப்பறியும் படங்கள் அந்நிறுவனத்தின் அடையாளமாகவே ஆயின. குறித்த நாளில் படத்தை முடித்தே தீர வேண்டும் என்ற கட்டுப்பாடும், நடிகரைவிட நிறுவனமே பெரிது என்ற உறுதியும் சுந்தரத்திடம் இருந்தன. மைக்கேல் மானிடமும் அதே கண்டிப்பைக் காண்கிறேன். இருவருமே, படத்தில் தெரியும் ஒவ்வொரு பொருளுக்கும் தாமே பொறுப்பு என்று எண்ணியவர்கள்.

வேறுபாடு இடத்தில் இருக்கிறது. மாடர்ன் தியேட்டர்ஸில் தளம், ஒலிப்பதிவு, இசை, படத்தொகுப்பு ஆகிய அனைத்தும் ஒரே சுற்றுச்சுவருக்குள் அமைந்திருந்தன; ஊரை அவர்கள் உள்ளே கட்டிக்கொண்டார்கள். 'மயாமி வைஸ்' குழுவினர் ஊரையே தளமாக்கினார்கள். தொடக்கக் காட்சியில், நடுவே ஒரு பெரிய சதுரத் துளையும் அதற்குள் ஒரு பனைமரமும் சிவப்புச் சுழற்படியும் தெரியும் கட்டடம் வருகிறதே, அது அட்லாண்டிஸ் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பு. 1982-இல் கட்டி முடிக்கப்பட்டது. அரங்க அமைப்பாளர் கற்பனை செய்திருக்க வேண்டிய ஒன்றை அந்த ஊர்க் கட்டடக்கலைஞர்கள் ஏற்கெனவே நிஜத்தில் எழுப்பி வைத்திருந்தார்கள்.

கேள்வி: பின்னாளில் பெரிய நடிகர்களான யாரேனும் சிறு வேடத்தில் வந்திருக்கிறார்களா?
– வாசகி, ஒண்டிக்கடை, ஏற்காடு

பதில்: பலர். புரூஸ் வில்லிஸ் 1984-இலும், லியாம் நீசன் 1986-இலும், ஜூலியா ராபர்ட்ஸ் 1988-இலும் வந்தார்கள். முதல் பகுதியிலேயே கார் வெடிகுண்டில் உயிரிழக்கும் கிராக்கெட்டின் கூட்டாளி ஜிம்மி ஸ்மிட்ஸ். இசையுலகிலிருந்து மைல்ஸ் டேவிஸ், லியோனார்ட் கோஹன், ஃபில் காலின்ஸ் ஆகியோர் நடித்தார்கள்.

கேள்வி: இவ்வளவு புகழோடு இருந்த தொடர் ஐந்தே ஆண்டுகளில் முடிந்தது ஏன்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், செவ்வாய்ப்பேட்டை, சேலம்

பதில்: வெள்ளிக்கிழமை இரவு 10 மணிக்கு வந்துகொண்டிருந்த தொடரை மூன்றாவது சீசனில் 9 மணிக்கு மாற்றினார்கள். அந்த நேரத்தில் வேறொரு நிறுவனத்தின் 'டல்லஸ்' குடும்பத் தொடர் ஏற்கெனவே நேயர்களைத் தன்வசம் வைத்திருந்தது. அதே சமயத்தில் மைக்கேல் மானின் கவனம் திரைப்படத்தின் பக்கமும் புதிய தொடர் ஒன்றின் பக்கமும் திரும்பியது. வெளிர்நிறங்கள் மறைந்து இருண்ட ஆடைகளும் இருண்ட கதைகளும் வந்தன. இருண்ட கதைகளில் சில மிக நல்லவை; எனினும் நேயர்கள் பழைய ஒளியைத் தேடினார்கள். 1989 மே 21 அன்று இரண்டு மணி நேர நிறைவுப் பகுதி ஒளிபரப்பானது.

கேள்வி: இப்போது பார்க்க விரும்பினால் எங்கிருந்து தொடங்கலாம்?
– அதே செவ்வாய்ப்பேட்டை வாசகர்

பதில்: முதல் பகுதியிலிருந்தே தொடங்குங்கள் ஐயா. பிறகு முதல் சீசனில், காஸ்டியோவின் பழைய வாழ்க்கையைச் சொல்லும் 'கோல்டன் டிரையாங்கிள்' என்ற இரு பாகக் கதையைப் பாருங்கள். இரண்டாவது சீசனில் 'அவுட் வேர் தி பஸஸ் டோன்ட் ரன்' என்ற பகுதியைத் தவறவிடாதீர்கள். தன்னிடமிருந்து தப்பிய ஒரு குற்றவாளியை மறக்க முடியாத ஒரு முன்னாள் காவல் அதிகாரியின் கதை அது. புரூஸ் மெக்கில் நடித்தது. கடைசி சில நிமிடங்களில் ஒரு பழைய கட்டடத்தின் சுவரை உடைக்கும்போது என்ன கிடைக்கிறது என்பதை நான் இங்கே சொல்லப் போவதில்லை. தொலைக்காட்சிப் பெட்டியின் சிறு ஒலிபெருக்கியில் கேட்காமல் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பாருங்கள். ஹாமரின் இசை இடமும் வலமுமாகப் பிரிந்து வருவது அப்போதுதான் காதுக்கு எட்டும்.